கல்வெட்டு வரி கோணாமல்

விளக்குப் பெட்டியின் மேல் இரண்டு நெகட்டிவ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய சிவன் கோயில், அதன் தெற்குச் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு. ஒரே படத்தில் அடங்காத நீளம் என்பதால் கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி மூன்று படங்களாக எடுத்திருந்தேன். முதல் படத்தின் வலது ஓரமும் இரண்டாம் படத்தின் இடது ஓரமும் சேர வேண்டும். மேல் வரியைச் சேர்த்தால் கீழ் வரி அரை எழுத்து இறங்கி நின்றது. கீழ் வரியைச் சேர்த்தால் மேல் வரி ஏறிக்கொண்டது. போதாததற்கு மூன்று படங்களிலும் இடது ஓரத்து எழுத்துகள் மட்டும் பஞ்சு பஞ்சாக இருந்தன.

லென்ஸ் நல்ல லென்ஸ். வெயிலும் எழுத்தின் குழிவு தெரியும்படி சாய்வாகத்தான் விழுந்தது. கேமரா நின்ற விதம்தான் தப்பு. சுவருக்கு இணையாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே நம்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, மொத்தக் கேமராவும் சுவரைப் பார்த்து 1 டிகிரி திரும்பி நின்றிருந்தது தெரிந்தது. அது தவிர, லென்ஸைத் தாங்கும் சட்டம் பிலிமைத் தாங்கும் சட்டத்தைப் பார்த்து இன்னொரு 1 டிகிரி திரும்பியிருந்தது. கண்ணுக்கு 1 டிகிரி தெரியாது. பிலிமுக்குத் தெரியும்.

நான் பயன்படுத்தும் வியூ கேமரா என்பது எளிய பொருள். முன்னால் லென்ஸ் பொருத்திய ஒரு சட்டம், பின்னால் கிரவுண்ட் கிளாஸ் என்னும் சொரசொரப்புக் கண்ணாடி பதித்த ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பான பெல்லோஸ், அடியில் எல்லாவற்றையும் தாங்கும் ஒரு ரெயில். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்ப்பாரே, அந்தக் கேமராவும் இதே குடும்பம்தான். ஆலப்புழையில் தேக்கும் பித்தளையுமாகச் செய்த வாகீஸ்வரி கேமராக்கள் நம்மூர் ஸ்டுடியோக்களில் நிறைய இருந்தன. கையடக்கக் கேமராவில் லென்ஸும் பிலிமும் ஒன்றுக்கொன்று இணையாக ஆலையிலேயே இறுக்கப்பட்டுவிடுகின்றன. இதில் அப்படி இல்லை. முன்சட்டம் ஏறும், இறங்கும், பக்கவாட்டில் நகரும், சாயும், திரும்பும். பின்சட்டமும் ஏறக்குறைய அப்படியே. இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இதைச் சுமந்துகொண்டு அலைகிறோம். எல்லாம் அசையும் என்பதால், எது எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் நாமேதான் உறுதி செய்தாக வேண்டும்.

1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் லினேயஸ் ட்ரைப் செய்த வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசுக்காகப் படம் எடுத்தவர். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 × 15 அங்குலம். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். அவ்வளவு படங்களைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கேமரா சுவருக்கு ஒரே தூரத்தில், இணையாக நிற்க வேண்டும். எனக்கு மூன்றே படங்கள் சேரவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் பழக்கிக்கொண்ட முறையைத்தான் இங்கே சொல்கிறேன். கேமரா தனக்குள்ளே நேராக இருக்க வேண்டும். பிறகு பூமிக்கு நேராக இருக்க வேண்டும். அதன் பிறகே எதிரில் உள்ள பொருளுக்கு நேராக நிறுத்த வேண்டும். வரிசையை மாற்றினால் ஒன்றின் பிழையை இன்னொன்றால் மறைத்துக்கொண்டே போவோம். முதல் வேலை வீட்டு மேஜையில் நடப்பது, மற்ற இரண்டும் களத்தில்.

மேஜையில் கேமராவைத் தொடுவதற்கு முன் ரசமட்டத்தைச் சோதிக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் வீட்டு மாடி கட்ட வந்த கொத்தனார். கேமராவோடு வந்த மட்டத்தை வைத்து நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். “தம்பி, அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே சொல்லு சொல்லணும்” என்றார். திருப்பிப் போட்டேன். குமிழ் இந்தப் பக்கம் நடுவில் நின்றது, அந்தப் பக்கம் கோட்டைத் தாண்டி ஓடியது. “பாத்தீங்களா அண்ணே” என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பலகையின் மேல் மட்டத்தை வைத்துக் குமிழ் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மட்டத்தைத் தலைமாற்றி, அதே இடத்தில் வையுங்கள். குமிழ் அதே பக்கம், அதே அளவு விலகி நின்றால் பலகைதான் சாய்வு, மட்டம் சரி. வேறு இடத்தில் நின்றால் மட்டத்தில் பிழை. இரண்டு இடங்களுக்கும் நடுப்புள்ளிதான் அந்தப் பலகையின் உண்மையான சாய்வு. கேமராவில் ஒட்டியே வரும் சிறு குமிழ்களை நான் நம்புவதில்லை. அவற்றைக் கழற்றித் திருப்பிப் போட முடியாது, பசை காய்ந்த விதத்தில் அவை நிற்கின்றன. ஆறு அங்குல நீளமுள்ள ஒரு ரசமட்டத்தைத் தனியாகப் பையில் வைத்திருக்கிறேன். கைபேசியிலும் மட்டம் பார்க்கும் செயலி உண்டு, பத்தில் ஒரு டிகிரி வரை எண் காட்டும். அதையும் இதேபோல் திருப்பிப் போட்டுப் பார்த்த பிறகே நம்பலாம். பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அதன் லென்ஸ் மேடு எதிலும் படாதபடி வைக்க வேண்டும்.

இனி சட்டங்கள். எல்லா அசைவுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நல்ல கேமராக்களில் பூஜ்யம் வரும்போது டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்காரும். பழைய கேமராவில் அந்தப் பள்ளம் தேய்ந்திருக்கும். டக்கென்ற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதுதான் என் படங்களின் இடது ஓரம் கெட்டதற்குக் காரணம். ஆகவே அளக்க வேண்டும். இரண்டு சட்டங்களையும் 10 சென்டிமீட்டர் இடைவெளிக்கு நெருக்கி, நான்கு மூலைகளிலும் வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து எழுதுங்கள். சட்டத்தின் அகலம் 14 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடது வலதுக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே 0.2 டிகிரி திரும்பியிருக்கிறது என்று பொருள். அவ்வளவு வரை பரவாயில்லை. 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் நான் விடுவதில்லை.

காலிப்பரைவிட நம்பகமானது கண்ணாடி முறை. சலூனில் எதிரும் புதிருமாகக் கண்ணாடி மாட்டியிருக்கும் இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். நம் முகத்துக்குப் பின்னால் நம் தலை, அதற்குப் பின்னால் மறுபடி முகம் என்று பிம்பங்கள் வரிசையாகப் போகும். இரண்டு கண்ணாடிகளும் சரியாக இணையாக இருந்தால் அந்த வரிசை நேர்க்கோட்டில் போகும். கொஞ்சம் கோணினாலும் வரிசை ஒரு பக்கமாக வளைந்து மறைந்துவிடும். கேமராவுக்குள் அதையே செய்கிறோம்.

லென்ஸைப் பலகையோடு கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில், அதே தடிமனுள்ள, நடுவில் துளையிட்ட பலகையில் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பொருத்துங்கள். ரசம் பூசிய கண்ணாடியின் முதுகில் நடுவே மிளகளவுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் ஒரு பார்வைத் துளை கிடைக்கும். பிரதிபலிக்கும் முகம் கேமராவின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பின்னால் கிரவுண்ட் கிளாஸை எடுத்துவிட்டு, பிலிம் ஹோல்டர் வந்து உட்காரும் அதே விளிம்பின் மேல் இன்னொரு சமதளக் கண்ணாடியைப் பதித்து வையுங்கள். இப்போது முன்னால் இருந்து துளை வழியாகப் பாருங்கள். துளைக்குள் துளை, அதற்குள் இன்னொரு துளை என்று ஒரு சுரங்கம் தெரியும். எல்லாம் ஒரே மையத்தில் அடுக்கியதுபோல் நின்றால் இரண்டு சட்டங்களும் இணை. சுரங்கம் இடப்பக்கம் வளைந்தால் முன்சட்டத்தை அரை மயிரிழை திருப்புங்கள், கீழே வளைந்தால் சாய்வைத் திருத்துங்கள். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் பிழை கூடிக்கொண்டே போவதால், கண்ணுக்கே தெரியாத கோணல்கூட நாலாவது ஐந்தாவது பிம்பத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். பெல்லோஸைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டே செய்யுங்கள், உள்ளே வெளிச்சம் வேண்டும். மரக் கேமராவில் அது ஒட்டியே இருக்கும் என்பதால் சின்ன டார்ச்சைத் துளைப் பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரியான நிலை கிடைத்ததும் திருகுகளை இறுக்கி, சட்டத்திலும் அடிக்கட்டையிலும் சேர்ந்தாற்போல் ஊசியால் ஒரு மெல்லிய கீறல் போட்டுவையுங்கள். இனி அந்தக் கீறல்தான் உங்கள் பூஜ்யம். இறுக்கும்போது சட்டம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு சுரங்கத்தை மறுபடி ஒரு முறை பாருங்கள். என் கேமராவில் இடது திருகை முதலில் இறுக்கினால் ஒரு நிலை, வலது திருகை முதலில் இறுக்கினால் வேறு நிலை. ஆகவே எப்போதும் இடதுதான் முதலில்.

இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 150 மில்லிமீட்டர் லென்ஸ், 10 மீட்டர் தூரத்தில் ஒரு சுவர், லென்ஸ் மட்டும் 1 டிகிரி திரும்பியிருக்கிறது. படத்தின் நடுவில் 10 மீட்டரில் போகஸ் செய்தால், ஒரு ஓரத்தில் கூர்மை ஏறத்தாழ 7 மீட்டரிலும் மறு ஓரத்தில் ஏறத்தாழ 18 மீட்டரிலும் போய் விழும். சுவர் இருக்கும் இடத்தில் இரண்டு ஓரத்திலும் கூர்மை இல்லை. லென்ஸ் தளம், பிலிம் தளம், கூர்மைத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்ற விதியிலிருந்து வருவது இது. ஆஸ்திரியப் படை அதிகாரி தியடோர் ஷைம்ப்ஃளுக் வான்வழிப் படங்களின் கோணலைத் திருத்துவதற்காக 1904-இல் காப்புரிமை பெற்றபோது இதை விரிவாக எழுதினார், தமக்கு முன்னோடி பிரெஞ்சுக்காரர் ஜூல் கார்பான்தியே என்றும் அதில் சொன்னார். தெரிந்து சாய்த்தால், வாசற்படியிலிருந்து தொலைவுக் கோபுரம் வரை தரை முழுவதையும் கூர்மையாக்கும் வித்தை இதுவே. தெரியாமல் சாய்ந்தால் கேடு.

எஃப் 22 வரை துவாரத்தைச் சுருக்கினால் பிழை மறைந்துவிடாதா என்றால், பெரும்பாலும் மறைந்துவிடும். 1 டிகிரிப் பிழை 4 × 5 அங்குலப் பிலிமின் ஓரத்தில் 1 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். எஃப் 22-இல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வரை முன்பின் பொறுக்கும். ஆனால் அந்தப் பொறுமையில் பாதியைக் கேமராவின் கோணலே தின்றுவிட்டால், கோயில் அடித்தளத்துக் குமுதத்தின் வளைவுக்கும் சுவர் அரைத்தூணின் முன்தள்ளலுக்கும் என்ன மிஞ்சும்? நான் அன்று எஃப் 11-இல் எடுத்தேன், அதுவும் வலப்பக்க எழுத்தைப் பார்த்தே போகஸ் செய்தேன். மொத்தப் பிழையும் இடது ஓரத்தில் போய்ச் சேர்ந்தது.

மேஜையில் மிச்சமிருப்பது கிரவுண்ட் கிளாஸ். சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டுடியோவில் கண்ணாடி உடைந்து புதிது போட்டவர் திருப்பிப் போட்டிருப்பது அடிக்கடி நடக்கிற சங்கதி. அப்படிப் போட்டால் கண்ணாடித் தடிமனில் பெரும்பங்கு அளவுக்கு எல்லாப் படங்களிலும் போகஸ் தவறும். பிறகு ஆழம். 4 × 5 ஹோல்டரில் பிலிம் உட்காரும் தளம் விளிம்பிலிருந்து 0.197 அங்குலம், அதாவது 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்பது தர அளவு. கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பு முகமும், பிலிமின் தடிமன் போக, அதே ஆழத்தில் இருக்கிறதா என்று காலிப்பரின் வாலால் நான்கு மூலையிலும் அளந்துவிடுங்கள். கண்ணாடியில் பென்சிலால் போட்டிருக்கும் கட்டங்கள் சட்டத்துக்கு நேராக இருக்கின்றனவா என்பதையும் அப்படியே மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிடலாம். கண்ணாடி ஒரு பக்கம் நழுவியிருந்தால் கட்டத்தை நம்பி எடுத்த அடிவானம் எல்லாம் சாயும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனைப் படம். சமமான சுவரில் நாளிதழின் வரிவிளம்பரப் பக்கங்கள் ஐந்தை, நடுவில் ஒன்றும் மூலைக்கொன்றுமாக ஒட்டி, துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்துப் பாருங்கள். ‘மணமகள் தேவை’ பத்தியின் பொடி எழுத்து ஐந்து இடத்திலும் ஒரே மாதிரி படிக்க வந்தால் கேமரா தனக்குள் நேராகிவிட்டது. நான் இதற்கு எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பயன்படுத்துகிறேன், விலை குறைவு. பச்சை ஒளியை உணரும் வகையாக இருந்தால் சிவப்பு விளக்கிலேயே கையாளலாம்.

இனி கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமானால் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்றக் கோயில்களில் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் நுழைகிறேன். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கல் சுடாது, கறுப்புத் துணிக்குள் மூச்சு முட்டாது.

முக்காலியின் ஒரு கால் சுவரைப் பார்த்திருக்கட்டும், அப்போது கேமராவின் பாரம் அதன் மேல் விழும், நமக்கும் நிற்க இரண்டு காலுக்கு நடுவே இடம் கிடைக்கும். தலையைத் திருத்தி மட்டம் கொண்டுவருவதற்கு முன், கால்களின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தே முக்காலியின் மேல்தட்டை மட்டமாக்குங்கள். தட்டு சாய்வாக இருக்கத் தலையை மட்டும் திருத்தினால், கேமராவை இடமோ வலமோ திருப்பிய மறுகணமே மட்டம் போய்விடும். பிராகாரத்துத் தளக்கல் நீர் வடிவதற்காகச் சாய்வாகத்தான் இருக்கும், ஆகவே மூன்று காலும் ஒரே நீளத்தில் இருந்தால் தப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். மணலானால் காலுக்கடியில் பலகைத் துண்டு.

பிறகு கேமரா. முதலில் பக்கவாட்டு மட்டம், பின்சட்டத்தின் தலையில் ரசமட்டம் வைத்து. அடுத்து ரெயில், நீளவாக்கில். கடைசியாகப் பின்சட்டம் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குப் பார்க்க வேண்டும். கட்டடங்களைப் பொறுத்தவரை பிலிம் இருக்கும் தளம் செங்குத்தாக இருந்தால் போதும், செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயா. லென்ஸ் என்ன செய்தாலும் அது கூர்மையைத்தான் பாதிக்கும். தூக்குக்குண்டு இதற்கு அருமையான கருவி. கொத்தனாரின் குண்டில் நூல் ஒரு சின்னக் கட்டைத் துண்டின் நடுவே ஓடும். கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றே. கட்டையைச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டிப் பிடித்தால், குண்டு கீழ் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடித்தாலும் விலகினாலும் சட்டம் சாய்வு. காற்றில் குண்டு ஆடினால் அதை ஒரு செம்புத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, நூலின் இடைவெளியை மேலும் கீழும் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

கோபுரம் எடுக்கும்போது இந்தத் தூக்குதான் எல்லாமே. ஒரு மாடிக் கட்டடத்தில் சுவர் சாய்ந்தால் கிரவுண்ட் கிளாஸின் கட்டத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கோபுரமோ தானே மேலே போகப் போகக் குறுகுவது. கேமரா அண்ணாந்ததால் குறுகியதா, ஸ்தபதி குறுக்கியதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேமரா 1 டிகிரி அண்ணாந்தாலும் கோபுரத்தின் உண்மையான வடிவம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மாறிப்போகும், யாருக்கும் தெரியாமலேயே. எனக்கு இது பெரிய தப்பாகப் படுகிறது. அந்தக் குறுக்கத்தின் விகிதம்தான் அந்தச் சிற்பாசாரியின் கையெழுத்து.

அண்ணாந்து பார்க்காமல் உச்சியை எப்படிப் பிடிப்பது? லென்ஸை உயர்த்தித்தான். ஸ்ரீரங்கத்தில் 1987-இல் முடிந்த ராஜகோபுரம் 236 அடி, ஏறத்தாழ 72 மீட்டர். 130 மீட்டர் தள்ளி நிற்க இடம் கிடைத்தால், 150 மில்லிமீட்டர் லென்ஸில் அதன் உச்சி மையத்திலிருந்து 81 மில்லிமீட்டர் தள்ளி விழும். செங்குத்தாக வைத்த பிலிமில் நடுவிலிருந்து ஓரம் வரை 60 மில்லிமீட்டர்தான். மீதி 21, கொஞ்சம் வானத்துக்கு 5, ஆக 26 மில்லிமீட்டர் முன்சட்டத்தை உயர்த்தினால் போதும், கேமரா மட்டத்திலேயே நிற்கும். அதற்கு லென்ஸ் வீசும் ஒளிவட்டம் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் மூலைகள் இருண்டுவிடும். கிரவுண்ட் கிளாஸில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் அந்த இருட்டு கீழ் மூலைகளில் இருக்கும். அங்கே தேடுங்கள்.

கல்வெட்டுக்குத் திரும்புகிறேன். மட்டமும் தூக்கும் கேமராவைப் பூமிக்கு நேராக்கின. சுவருக்கு நேராக்க வேறு வேலை. என் கல்வெட்டில் ஒரு படத்துக்கு 2 மீட்டர் அகலம் வேண்டும், அதற்கு 150 மில்லிமீட்டர் லென்ஸ் சுவரிலிருந்து 2.65 மீட்டரில் நிற்க வேண்டும். சுவரிலிருந்து அந்தத் தூரத்தை இரண்டு முனைகளில் டேப்பால் அளந்து, நடுவே நூல் கட்டி, தரையில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொள்கிறேன். மூன்று நிலைகளுக்கும் லென்ஸ் இந்தக் கோட்டின் மேலேதான் நிற்கும். ரெயில் கோட்டுக்குச் செங்கோணமாக இருக்கிறதா என்று மூன்று-நாலு-ஐந்து அளவில் நூல் பிடித்துப் பார்த்தால் தோராயமாக வந்துவிடும்.

மிச்சக் கோணலைக் கண்ணாடி காட்டும். இரண்டடி நீள அலுமினியப் பட்டையின் நடுவில் 10 சென்டிமீட்டர் கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருக்கிறேன். கல்லின் முகம் சமமாக இருக்காது, கண்ணாடியை நேராகக் கல்லில் வைத்தால் ஏதோ ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்து பொய் சொல்லும். நீளப் பட்டை மேடுபள்ளங்களைச் சமன் செய்துவிடுகிறது. எதையும் கல்லில் ஒட்டக் கூடாது, கூட வந்தவர் பட்டையை லென்ஸின் உயரத்தில் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். கறுப்புத் துணிக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸே தெரியும். அதன் பிம்பம் இரு மடங்கு தூரத்தில், 5.3 மீட்டரில் இருப்பதால், போகஸை அதற்கு மாற்ற வேண்டும். லென்ஸின் வளையம் கிரவுண்ட் கிளாஸின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தால் கேமரா சுவருக்குச் செங்குத்து. 1 டிகிரி கோணலுக்கு வளையம் 2.7 மில்லிமீட்டர் நகரும், ஆகவே அரை மில்லிமீட்டர் விலகல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. வளையமே தெரியவில்லை என்றால் கோணல் 1 டிகிரிக்கு மேல். நூலுக்கும் டேப்புக்கும் திரும்பிப் போங்கள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். பக்கவாட்டில் வளையம் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் மேலே கீழே விலகி நிற்கும். சுவரே சாய்ந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுச் சுவர், கொஞ்சம் சாயத்தான் செய்யும். ரசமட்டம் ஒன்று சொல்கிறது, கண்ணாடி இன்னொன்று சொல்கிறது. கட்டடத்தைப் பதிவு செய்வதானால் ரசமட்டத்தின் பேச்சைக் கேளுங்கள், சாய்ந்த சுவர் சாய்ந்ததாகவே படத்தில் வரட்டும். எழுத்தைப் பதிவு செய்வதானால் கண்ணாடியின் பேச்சைக் கேட்டு, மொத்தக் கேமராவையும் சுவரோடு சேர்த்துச் சாயுங்கள். எழுத்தின் உயர அகலம் மாறினால் அதன் காலத்தைக் கணிப்பவருக்குத் தப்பான சாட்சி சொன்னதாகிவிடும். எந்தப் பக்கம் நின்றேன் என்பதை நோட்டில் எழுதிவைக்கிறேன்.

பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, போகஸைச் சுவருக்குக் கொண்டுவந்து, கல்வெட்டின் நடு 2 மீட்டர் உயரத்திலும் லென்ஸ் 1.6 மீட்டரிலும் இருப்பதால் முன்சட்டத்தை 24 மில்லிமீட்டர் உயர்த்துகிறேன். துவாரத்தை முழுதாகத் திறந்து, பூதக்கண்ணாடியால் நான்கு மூலைகளையும் பார்த்தாக வேண்டும், நடுவை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. எஃப் 22-க்குச் சுருக்கி, ஹோல்டரைச் செருகுகிறேன். செருகும் விசையில் பின்சட்டம் அசையும், ஹோல்டரின் பாரத்தில் தொய்யவும் தொய்யும். எனவே செருகிய பிறகு குமிழை மறுபடி பார்க்கிறேன். ஹோல்டரின் மூடித் தகடான ஸ்லைடை இழுப்பதற்கு முன் ஒரு முறை, படம் எடுத்து ஸ்லைடை மூடிய பிறகு இன்னொரு முறை. முன்னும் பின்னும் குமிழ் ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்தப் பிலிம் கணக்கில் சேரும்.

அடுத்த நிலைக்கு 1.6 மீட்டர் நகர்ந்தால் 40 சென்டிமீட்டர் இரண்டு படங்களுக்கும் பொதுவாக இருக்கும். சேரும் இடம் அரைத்தூணின் விளிம்பில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கல் முன்னால் தள்ளியிருப்பதால் இரண்டு நிலையிலிருந்தும் வெவ்வேறாகத் தெரியும், எவ்வளவு இணையாக நின்றாலும் சேராது. நகர்ந்த பிறகு மட்டம், தூக்கு, கண்ணாடி எல்லாம் முதலிலிருந்து. முதல் நிலைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, இரண்டாவதற்கு இருபது நிமிடம்.

இரண்டாம் முறை எடுத்த மூன்று நெகட்டிவ்களையும் போன மாதம் விளக்குப் பெட்டியில் சேர்த்தேன். முதலும் இரண்டும் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை சேர்ந்தன, ஓரத்து எழுத்தின் உளிக்கொத்து வரை தெரிகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் கடைசி வரியில் இன்னும் மயிரிழை இடைவெளி இருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். மூன்றாம் நிலையில், ‘வலது பின்கால் நின்ற தளக்கல் ஆடியது, படத்துக்குப் பின் குமிழ் கால் கோடு விலகல்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். காலுக்கு ஒரு பலகைத் துண்டை எடுத்து வைத்துவிட்டேன்.